பெருநகரில் தங்குமிடம்: மும்பை செல்லும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கொள்முதலுக்காக ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மும்பை செல்லும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. பருப்பு, சீரகம், கசகசா, பாதாம், பிஸ்தா, பேரீச்சை என்று எதை வாங்கப் போனாலும், சரக்கின் விலையை நான்கு இடத்தில் விசாரிக்கிறோம். லாரி வாடகையைப் பேரம் பேசுகிறோம். மூட்டைக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றால் அரைநாள் காத்திருக்கிறோம். ஆனால் இரவு தங்கும் இடத்தை மட்டும் யாரோ சொன்னார்கள் என்றோ, செல்பேசியில் படம் அழகாக இருந்தது என்றோ முடிவு செய்துவிடுகிறோம்.

தங்கும் இடம் சிறிய விஷயம் அல்ல. இரவெல்லாம் கொசுவோடும் சத்தத்தோடும் போராடியவன், காலையில் மார்க்கெட்டில் சரக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது கண் எரிகிறது. சீக்கிரம் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினால் போதும் என்று தோன்றுகிறது. அந்த நிலையில் பேசும் விலை நமக்குச் சாதகமாக இருக்காது. எனவே அறை வாடகையைக் கொள்முதல் செலவின் ஒரு பகுதியாகவே நாம் கருத வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

இப்போது நம் பிள்ளைகள் கடையில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பழைய லாட்ஜை விரும்புவதில்லை. 'பூட்டிக் ஓட்டல்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. பெயரைக் கேட்டு மயங்குவதும் சரியல்ல. அது என்ன சரக்கு, நமக்கு உதவுமா, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. 'பூட்டிக்' என்றால் கடை

முதலில் அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்வோம். 'பூட்டிக்' என்பது பிரெஞ்சு மொழிச் சொல். அதன் பொருள் 'கடை' என்பதுதான். அதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அங்கே அதற்குக் 'கிடங்கு' என்று பொருள். போர்ச்சுகீசியர் வழியாக இதே சொல் நம் பக்கமும் வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸ் மாகாணத்திலும் இலங்கையிலும் நம்மவர்களின் சிறு கடைகளை ஆங்கிலேயர் 'பூட்டிக்' என்றே குறிப்பிட்டார்கள். ஆக, நம் பாட்டனார் நடத்திய மளிகைக் கடைக்குத்தான் இந்தப் பெயர் முதலில் இருந்தது. இதைப் பார்த்து நாம் கூச்சப்படத் தேவையில்லை.

விடுதிக்கு இந்தப் பெயர் வந்தது சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்புதான். லண்டனில் 1978-இல் தொடங்கிய பிளேக்ஸ், சான்பிரான்சிஸ்கோவில் 1981-இல் தொடங்கிய பெட்ஃபோர்ட், நியூயார்க்கில் 1984-இல் தொடங்கிய மார்கன்ஸ் ஆகியவற்றை இவ்வகையின் முன்னோடிகள் என்பார்கள். மார்கன்ஸ் விடுதியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஸ்டீவ் ரூபெல். பெரிய ஓட்டல்கள் டிபார்ட்மென்ட் ஸ்டோர் போன்றவை, எங்களுடையது தனிக் கடை போன்றது என்று அவர் ஒப்பிட்டுச் சொன்னதிலிருந்து இப்பெயர் பரவியது என்று கூறுவார்கள்.

இந்த ஒப்பீடு நமக்கு நன்றாகப் புரியும். பெரிய கம்பெனியின் ஓட்டல்களில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி வணக்கம். பூட்டிக் விடுதியில் அறைகள் குறைவு. பெரும்பாலும் ஒரு பழைய வீட்டையோ கட்டடத்தையோ சீர்செய்து நடத்துவார்கள். முதலாளியோ அவர் வீட்டாரோ அங்கேயே இருப்பார்கள். வந்தவர் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். நம் கடைக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இதற்கும் அதற்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அக்மார்க் முத்திரை போலவோ, அரசு ஓட்டல்களுக்குத் தரும் நட்சத்திரத் தகுதி போலவோ 'பூட்டிக்' என்பது ஒரு தர முத்திரை அல்ல. சுவருக்கு வண்ணம் அடித்து, இரண்டு பழைய நாற்காலியைப் போட்டு, யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். 'முதல் தரம்' என்று சாக்கின் மேல் அச்சடித்திருப்பதை நம்பி நாம் மூட்டை வாங்குவதில்லை. இதையும் அப்படியே பார்க்க வேண்டும்.

2. வேலை எங்கேயோ, அங்கே தங்குக

மும்பை நீளமான ஊர். தெற்கே கொலாபாவிலிருந்து வடக்கே போகப் போக ஊர் முடிவதே இல்லை. எனவே, 'மும்பையில் நல்ல விடுதி எது?' என்ற கேள்வியே தவறானது. 'நம் வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் நல்ல விடுதி எது?' என்றுதான் கேட்க வேண்டும்.

முன்பு தானியமும் மளிகைச் சரக்கும் மஸ்ஜித் பந்தர் பகுதியிலேயே விற்றன. 1980, 90-களில் மொத்த வியாபாரம் படிப்படியாக நவி மும்பையில் உள்ள வாஷி ஏ.பி.எம்.சி. மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. வெங்காயம், உருளை, பழம், காய்கறி, மசாலா, தானியம் என ஒவ்வொன்றுக்கும் அங்கே தனி மார்க்கெட் உண்டு. மஸ்ஜித் பந்தர், கிராபோர்டு மார்க்கெட் பகுதியில் உலர்பழம், மசாலாக் கடைகள் இன்றும் நடக்கின்றன. பக்கத்திலேயே துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட், மின் சாமான்களுக்கு லோகார் சால்.

பூட்டிக் விடுதிகள் பெரும்பாலும் கொலாபா, கோட்டைப் பகுதி, பாந்த்ரா, ஜுகு போன்ற இடங்களில்தான் அமைந்துள்ளன. கொலாபாவும் கோட்டையும் கிராபோர்டு மார்க்கெட்டுக்கு அருகில், வாஷிக்குத் தொலைவு. பாந்த்ராவும் ஜுகுவும் நம் வேலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தொலைவு. அங்கே அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது.

போக்குவரத்தில் கவனிக்க வேண்டியவை:

சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து ஹார்பர் லைன் மின்ரயில் மஸ்ஜித், வடாலா, குர்லா, செம்பூர் வழியாக வாஷி செல்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காலையில் கூட்டம் பெரும்பாலும் கோட்டைப் பகுதியை நோக்கி வரும். நாம் எதிர்த்திசையில் வாஷி போவதால் நெரிசல் சற்றுக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பல மணி நேரம் ரயிலை நிறுத்துவது வழக்கம். அன்றைக்கு மின்ரயிலை நம்பித் திட்டம் போடக் கூடாது.

2025 அக்டோபரில் மும்பை மெட்ரோவின் மூன்றாவது பாதை முழுவதுமாகத் திறக்கப்பட்டது. இது கஃப் பரேடிலிருந்து சி.எஸ்.எம்.டி., கால்பாதேவி, தாதர் வழியாக விமான நிலையத்தைத் தொட்டுச் செல்கிறது. விமானத்தில் வந்து கோட்டைப் பகுதியில் தங்குபவர்களுக்கு டாக்சிச் செலவும் அலைச்சலும் இதனால் மிச்சம்.

சயான், மாகிம் தாண்டித் தெற்கே ஆட்டோ ரிக்‌ஷா ஓடாது. கொலாபாவிலும் கோட்டையிலும் தங்கினால் டாக்சிதான். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு பக்கமும் வேலை உள்ளவர்கள் ஹார்பர் லைனின் நடுவில் உள்ள செம்பூர் பகுதியில் தங்கலாம். அங்கேயும் மாட்டுங்காவிலும் நம் தமிழ் மக்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். நம் சாப்பாடும் கிடைக்கும்.

மழைக்காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாடு மறக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தாதர் ஹிந்துமாதா, சயான், கிங்ஸ் சர்க்கிள், குர்லா போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்குவது வழக்கம். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் விடுதித் தெருவில் தண்ணீர் நிற்குமா, மார்க்கெட்டுக்கு நடந்தே போக முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. வாடகையைப் பார்க்காதீர்கள், மொத்தச் செலவைப் பாருங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கு நாம் வைத்துக்கொண்ட தொகைகள்தான். உங்கள் பயணத்துக்கு உரிய தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பேர், இரண்டு இரவு, இரண்டு நாள் வேலை. கோட்டைப் பகுதியில் ஒரு பூட்டிக் விடுதி. காலை உணவுடன் நாள் வாடகை 6,500 ரூபாய். வாஷியில் ஒரு சிறு விடுதி. உணவு இல்லாமல் நாள் வாடகை 4,000 ரூபாய். வரி 5 சதவீதம். கோட்டைக்கும் வாஷிக்கும் இடையே டாக்சி ஒரு தடவைக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வேலை வாஷியில் என்றால்: கோட்டையில் தங்கினால் வாடகை 13,000, வரி 650, நான்கு தடவை டாக்சி 3,600, ஆக 17,250 ரூபாய். வாஷியில் தங்கினால் வாடகை 8,000, வரி 400, இருவருக்கும் இரண்டு காலைச் சிற்றுண்டி 600, ஆட்டோ 400. ஆக 9,400 ரூபாய். வித்தியாசம் 7,850 ரூபாய். வாடகையை மட்டும் பார்த்தால் 5,000 ரூபாய் வித்தியாசமாகத்தான் தெரிந்திருக்கும். இங்கே வாஷியில் தங்குவதே புத்திசாலித்தனம்.

வேலை கிராபோர்டு மார்க்கெட்டிலும் மஸ்ஜித் பந்தரிலும் என்றால்: கோட்டையில் தங்கினால் 13,650-உடன் உள்ளூர் டாக்சி 400, ஆக 14,050 ரூபாய். வாஷியில் தங்கினால் வாடகையும் வரியும் 8,400, சிற்றுண்டி 600, டாக்சி 3,600. ஆக 12,600 ரூபாய். வித்தியாசம் வெறும் 1,450 ரூபாய். அந்த 1,450 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போனால், தடவைக்கு ஒன்றரை மணி நேரமாக ஆறு மணி நேரம் இரண்டு பேரும் டாக்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னும் நான்கு கடை ஏறி இறங்கலாம். இங்கே விலை கூடிய விடுதிதான் மலிவு.

ஒரே விடுதி ஒரு பயணத்துக்கு வீண் செலவு. இன்னொரு பயணத்துக்கு லாபம். எனவே அறையைப் பதிவு செய்வதற்கு முன், யார் யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாளில், எந்த இடத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளே விடுதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும்.

4. ஒரு சோறு பதம் பார்ப்பது இங்கே செல்லாது

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் தொழிலில் ஓரளவு செல்லும். ஒரே லாட்டில் வந்த சரக்கில் நான்கு மூட்டையைக் குத்திப் பார்த்தால் மற்றதைச் சொல்லிவிடலாம். பெரிய கம்பெனி ஓட்டலிலும் ஓர் அறையைப் பார்த்தால் மற்ற அறைகளைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பூட்டிக் விடுதியில் இது செல்லாது. பழைய கட்டடம் என்பதால் ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதம். படத்தில் காட்டுவது அங்குள்ள மிகச் சிறந்த அறை. நமக்குக் கொடுப்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையாக இருக்கலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு வணிகர் இப்படி ஒரு பெருநகர விடுதியில் 'ஜன்னல் உள்ள அறை' என்று கேட்டே பதிவு செய்தார். ஜன்னலும் இருந்தது. திறந்தால் எதிரே ஒரு முழம் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. விடுதிக்காரர் சொன்னதில் பொய் இல்லை. கேட்ட கேள்வியில்தான் விவரம் போதவில்லை.

எனவே தொலைபேசியில் இப்படிக் கேட்க வேண்டும்:

எங்களுக்கு எந்த அறை எண் தருவீர்கள்? அது எந்த மாடி? லிஃப்ட் உண்டா? (பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்று மாடி என்பது பெரிய தண்டனை.)

ஜன்னல் தெருவைப் பார்த்ததா, உள்முற்றத்தைப் பார்த்ததா? திறக்க முடியுமா?

அறைக்குக் கீழே மதுக்கூடமோ பாட்டுக் கச்சேரியோ உண்டா? எத்தனை மணி வரை?

கட்டில் ஒன்றா, இரண்டா? தந்தையும் மகனும், அல்லது இரண்டு பங்குதாரர்களும் போகும்போது இது முக்கியம். இவ்வகை விடுதிகள் கணவன் மனைவியை மனதில் வைத்தே ஒற்றைப் பெரிய கட்டில் போட்டிருப்பார்கள்.

வெந்நீர் எந்த நேரம்? சைவச் சாப்பாடு தனியாகச் சமைக்கிறார்களா?

மேசையும் நல்ல விளக்கும் உண்டா? இரவில் பில்லையும் குறிப்பையும் சரிபார்க்க நமக்கு அவை வேண்டும். மங்கலான விளக்கை இவ்வகை விடுதிகளில் அழகு என்று நினைக்கிறார்கள்.

சரக்கு மாதிரிகள் கொண்ட பைகளை, அறையைக் காலி செய்த பிறகும் மாலை ரயில் வரை வைத்துப் பாதுகாத்துக் கொடுப்பீர்களா?

பெண்கள் நடத்தும் கடைகள் இன்று நம் சங்கத்தில் பெருகியுள்ளன. தனியாகவோ மகளுடனோ செல்லும் பெண் உறுப்பினர்கள், இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்பவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லும் விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பொறுமையாக, 'அந்த அறையில் சத்தம் இருக்கும், வேறு தருகிறோம்' என்று சொல்பவர் நல்ல வியாபாரி. 'எல்லாம் நன்றாக இருக்கும், வாருங்கள்' என்று மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தன் சரக்கின் குறையைத் தானே சொல்பவனிடம் நாம் திரும்பத் திரும்ப வாங்குகிறோம் அல்லவா?

5. வாடகையை விடப் பெரியது உயிர்

இந்தப் பகுதியை உறுப்பினர்கள் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு, கொல்கத்தாவில் மெச்சுவா பழ மார்க்கெட் பகுதியில் உள்ள ஒரு விடுதியில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயில் எரிந்து சாகவில்லை. புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். இறந்தவர்களில் நம் கரூரைச் சேர்ந்த ஒரு பெரியவரும் இரண்டு குழந்தைகளும் உண்டு. அதற்கு முன் 2019 பிப்ரவரி 12-ஆம் தேதி விடியற்காலையில் டெல்லி கரோல் பாக் பகுதி ஓட்டல் ஒன்றில் ஏற்பட்ட தீயில் 17 பேர் மாண்டார்கள். கரோல் பாக்கும் மெச்சுவாவும் வியாபாரிகள் கொள்முதலுக்குப் போய்த் தங்கும் பகுதிகள் என்பதை நாம் அறிவோம்.

மார்க்கெட் பகுதி விடுதிகளில் தெரு குறுகல். கீழே கடை, கிடங்கு. மேலே அறைகள். ஏ.சி. குளிர்ச்சி வெளியே போகாமலிருக்க ஜன்னலை அடைத்துவிடுவார்கள். இரண்டாவது மாடிப்படி இருந்தால் அதில் பழைய மெத்தைகளைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பூட்டிக் விடுதிகளிலும் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. பழைய கட்டடம், மரப்படி, மரத் தடுப்பு, திரைச்சீலை ஆகிய எல்லாமே எளிதில் பற்றும் பொருள்கள். கிடங்கு வைத்திருக்கும் நமக்குத் தீயின் வேகம் தெரியும்.

எனவே அறைக்குள் போனதும், பையைக் கீழே வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட வேண்டும். அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி உண்டா என்று நடந்து பார்க்க வேண்டும். இரண்டாவது படியின் கதவு திறக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். நம் அறைக்கும் படிக்கும் இடையே எத்தனை கதவுகள் என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, எண்ணிக்கைதான் வழிகாட்டும். ஜன்னல் திறக்கிறதா, கம்பி போட்டு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது, அதன் சீட்டில் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இயன்றவரை முதல் மூன்று மாடிகளுக்குள் அறை கேட்பது நல்லது. தீ என்றால் லிஃப்டில் ஏறக் கூடாது. புகையில் நிமிர்ந்து ஓடாமல் குனிந்து தவழ்ந்து வெளியேற வேண்டும்.

இரண்டாவது வழி பூட்டிக் கிடந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று வேறு இடம் பார்க்க வேண்டும். வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த ஆயிரம் இரண்டாயிரம் பெரிதல்ல.

6. பதிவு, பில், வரி

செல்பேசி நிறுவனங்கள் மூலம் அறை பதிவு செய்தால் விடுதிக்காரர் அவர்களுக்குக் கமிஷன் தர வேண்டும். தரகு இல்லாமல் நேரே பேசினால் விலை குறையும் என்பது நமக்குப் புதிதல்ல. அங்கே விலையைப் பார்த்துக்கொண்டு, விடுதியோடு நேரே பேசி, 'இதைவிடக் குறைப்பீர்களா, அல்லது காலை உணவு சேர்த்துத் தருவீர்களா?' என்று கேட்கலாம். சிறு விடுதிகளில் முதலாளியே பேசுவதால் இது பெரும்பாலும் நடக்கும். ஆனால் இணையத்தில் போலித் தொலைபேசி எண்களைப் போட்டு முன்பணம் பறிக்கும் கூட்டமும் உண்டு. விடுதியின் சொந்தப் பக்கத்தில் உள்ள எண்தானா என்று உறுதி செய்துகொண்டு, தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பாமல் விடுதியின் பெயருக்கே அனுப்ப வேண்டும்.

மலிவு விலையில் பதிவு செய்தால் ரத்து செய்யும்போது பணம் திரும்ப வராது என்று நிபந்தனை இருக்கும். மார்க்கெட் நிலவரம் பார்த்துப் பயணத்தை மாற்றும் நமக்கு அது ஒத்துவராது. நூறு இருநூறு கூடினாலும் ரத்து செய்யும் வசதி உள்ளதையே எடுக்க வேண்டும். அறைக்குள் போகும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பல விடுதிகளில் பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் அறை தருவார்கள். விடியற்காலையில் ரயில் இறங்குபவர்கள் அதுவரை எங்கே குளிப்பது? முன்கூட்டியே சொல்லி வைத்தால் சிறு விடுதிகளில் ஏற்பாடு செய்து தருவார்கள்.

வரி விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 7,500 ரூபாய்க்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368 ரூபாய். இருநூறு ரூபாய் வாடகை கூடினால் மொத்தத்தில் 1,198 ரூபாய் கூடுகிறது. எல்லைக்கு அருகில் உள்ள அறையைப் பேசும்போது இதை நினைவில் வைத்துப் பேரம் பேச வேண்டும்.

இன்னொன்று. விடுதி எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநில வரியே பில்லில் விழும். மும்பை விடுதி மத்திய வரியும் மகாராஷ்டிர வரியும் போடும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நாம் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே 'வரி திரும்ப வந்துவிடும்' என்று நினைத்து விலை கூடிய அறை எடுக்கக் கூடாது. ஆனால் கடையின் பெயரில் முறையான பில் வாங்கினால் வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்டலாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு ஏற்கப்படாது என்ற விதியும் நினைவில் இருக்கட்டும். சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறையை 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் உறுதி செய்துள்ளது.

அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுப்பது நல்லது.

7. விசாரிக்கும் முறை

தங்கியவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. ஒரு புதுப் பார்ட்டிக்குக் கடன் கொடுப்பதற்கு முன் மார்க்கெட்டில் எப்படி விசாரிப்போமோ, அதே முறைதான். புகழ்ந்து எழுதியதை விட்டுவிட்டு, குறை சொன்னவற்றைப் படிக்க வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு விடுதிகளில் ஆளோ நிர்வாகமோ மாறினால் தரமும் உடனே மாறிவிடும். ஒரே குறையை மூன்று பேர் சொல்லியிருந்தால் அது உண்மை. குறைக்கு முதலாளி எழுதிய பதிலையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரோடு சண்டை போடுகிறாரா, சரிசெய்ததைச் சொல்கிறாரா என்பதில் அவர் குணம் தெரியும்.

இதைவிடச் சிறந்தது, வாஷியிலோ மஸ்ஜித் பந்தரிலோ நமக்குச் சரக்குப் போடும் முகவரைக் கேட்பது. அவர் தம் ஊரில் தமக்கு வரும் வியாபாரிகளை எங்கே தங்க வைக்கிறார் என்று கேட்டால் போதும்.

8. நம் கடைக்கு ஒரு பாடம்

கடைசியாக ஒன்று. பெரிய ஓட்டல் கம்பெனிகளின் விளம்பரத்துக்கும் விலைக்கும் நடுவே இந்தச் சிறு விடுதிகள் பிழைத்து நிற்கின்றன. எப்படி? எல்லாருக்கும் எல்லாம் தர அவை முயல்வதில்லை. இருபது அறையை ஒழுங்காக வைத்துக்கொள்கின்றன. வந்தவர் பெயரையும் விருப்பத்தையும் நினைவில் வைக்கின்றன. ஊரைப் பற்றி அறிந்து வழி சொல்கின்றன. அதற்காக மக்கள் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்குவதில்லை.

பெரிய அங்காடிகளும் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பெனிகளும் நம் தெருவுக்கு வந்துவிட்டன. அவர்களோடு விலையில் மட்டும் மோதினால் நம் கை தாழும். அந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், இந்த வீட்டுக்குப் பழைய புளிதான் பிடிக்கும், அடுத்த மாதம் அங்கே கல்யாணம் என்பவை நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதுதான் நம் முதல். அடுத்த முறை வெளியூரில் நல்ல சிறு விடுதி ஒன்றில் தங்கும் உறுப்பினர்கள், அறையை மட்டும் பார்க்காமல், அவர்கள் வாடிக்கையாளரை நடத்தும் விதத்தையும் கவனித்து வாருங்கள்.

மும்பையில் நல்லபடியாகத் தங்கிவந்த உறுப்பினர்கள், விடுதியின் பெயர், அருகில் உள்ள ரயில் நிலையம், கொடுத்த வாடகை, இரண்டாவது மாடிப்படி திறந்திருந்ததா என்ற நான்கு விவரங்களையும் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், அடுத்து செல்பவர்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.